ஓடு மாற்றாத வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உன் மாமாவும் சுகமாக இருப்பதாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். இருமல் நின்றபாடில்லை என்பதை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போன வருஷம் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதிலைக் காணோம். தபால்காரர்மேல் பழியைப் போடாதே, அவர் தினமும் நம் வாசல் வழியாகத்தான் போகிறார். போனில் பேசலாமே என்பாய். இந்தப் பள்ளத்தில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். மூச்சிரைக்க ஏறிக் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருப்பாய்.

இங்கே பெரிய வேலை நடக்கிறது. சுரங்கத்து ரயில் ஓடிய பாதையில் தண்டவாளம் போய் எவ்வளவோ காலமாயிற்று, கட்டைகள் மட்டும் கிடந்தன. இப்போது அவற்றையும் பிடுங்கிவிட்டுச் சரளை கொட்டி, ரோலர் ஓட்டி, நடக்கிறவர்களுக்குப் பாதை போடுகிறார்கள். சுரங்க வாயிலிலிருந்து இரும்புப் பாலம் வரைக்கும். பார்க்க வேண்டிய பழைய இடங்கள் என்று வழியெல்லாம் பலகை நடுவார்களாம். "நடக்கறதுக்காகவா வெளியூர்லேர்ந்து வருவாங்க?" என்று உன் மாமா கேட்கிறார். அவர் கேட் கீப்பராக இருந்த காலத்தில் அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு அபராதம் போட்டார்கள். அதனால் அவருக்கு இது பிடிபடவே இல்லை.

வந்திருக்கும் அதிகாரி எப்போதும் தொப்பியோடு இருக்கிறார், வீட்டுக்குள் வந்தாலும் கழற்றுவதில்லை. தொப்பிக்காரர் என்று வைத்துக்கொள். பேச்சுவாக்கில் அவர் சொல்லித்தான் தெரிந்தது, தலைமை அலுவலகத்தில் இந்தத் திட்டத்துக்கு நீதான் பொறுப்பு என்று. "சார் உங்க தம்பியா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவன் சங்கதியை இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாலத்துப் பக்கம் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து, யாரும் நுழையாதபடி வேலி போட்டுவிட்டார்கள். ரயில் நின்ற பிறகு 'இருந்துக்கோங்க' என்று கம்பெனிக்காரர்கள் வாயால் சொன்னதை நம்பித்தான் அவர்களும் இருந்தார்கள், நாங்களும் இருக்கிறோம். இந்தக் கேட் வீட்டையும் இடிப்பார்களா? ஏன் கேட்கிறேன் என்றால், உன் மாமாவின் கட்டிலுக்கு நேர்மேலே ஓடுகள் உடைந்து வானம் தெரிகிறது. ரயில் பெட்டியிலிருந்து பறந்த தாதுத் தூசி இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறதாம், ஈரம் ஆகவே ஆகாது என்கிறார் டாக்டர். மழைக்கு முன்னால் தகரம் போட்டு அடைத்துவிடலாம் என்று ஓட்டு வேலைக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். இடிக்கப்போகிற வீட்டுக்குத் தகரம் எதற்கு? அதனால் இதற்காவது சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாமாவின் இருமல் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. மருந்தைத் தவறவிடாமல் கொடுக்கவும்.

எழுதாதது என் தப்புத்தான். இந்தத் திட்டம் கையில் வந்ததிலிருந்து சாப்பிடவே நேரமில்லை. எல்லாம் முடிவானதும் சொல்லலாம் என்று இருந்தேன். தொப்பிக்காரர் முந்திக்கொண்டார். (அவருக்கு வழுக்கை, அதனால்தான் தொப்பி. நான் சொன்னதாகச் சொல்லாதே.)

உன் கவலை தீரும்படி ஒரு செய்தி. பாதை நெடுகப் பாதுகாக்கப்பட வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். தாது கொட்டும் தொட்டி, எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடித்த டேங்க், குகைப்பாதை, இரும்புப் பாலம். இவற்றோடு கேட் வீட்டையும் சேர்க்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்துவிட்டால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொட முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டடம் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். தகரம் போட்டால் பட்டியலில் ஏறாது, ஏறாவிட்டால் லைன் வீடுகளின் கதிதான். எனவே தகரம் வேண்டவே வேண்டாம். வெள்ளையும் அடிக்காதே. பட்டியலில் ஏறியதும் அதே மாதிரி ஓடு வாங்கி அலுவலகமே கூரையைச் சரி செய்து கொடுக்கும். மழைக்கு இன்னும் காலம் இருக்கிறதே.

கேட்டை எப்படி இறக்கினார்கள், ஏற்றினார்கள் என்று மாமாவிடம் கேட்டு விவரமாக எழுது. பலகையில் போட வேண்டும்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் வந்த அன்று மூன்று வேளையும் இந்த வீட்டில் அதே பேச்சுத்தான். உன் மாமா ஒரு கவளம் கூடவே சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. பதவி வயிற்றை நிரப்பாது.

ஓட்டு வேலைக்காரர் தகரத்தோடு வந்துவிட்டார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மனுஷனுக்குக் கோபம். "மழை உங்க தம்பியைக் கேட்டுட்டுத்தான் வருமாக்கா?" என்றார். என் தம்பி சொன்ன சொல் தவறமாட்டான் என்று நானும் சூடாகக் கொடுத்தேன். உன் மாமா கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

கேட் விவரம் கேட்டாயே. நீயே பள்ளிக்கூடம் படித்த காலமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. குகைப் பக்கத்திலிருந்து மணி அடிக்கும். அடித்ததும் உன் மாமா சாலையின் இரண்டு பக்கமும் பார்ப்பார், சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குவார், விளக்கை மாட்டுவார், கொடியோடு நிற்பார். வண்டி கடந்த உடனே தூக்கிவிட மாட்டார். கடைசிப் பெட்டியின் பின்விளக்கைக் கண்ணால் பார்த்தால்தான் தூக்குவார். நடுவில் கொக்கி கழன்று இரண்டு பெட்டி பின்னால் தனியாக வந்தால் என்ன செய்வது? சாலையில் காத்திருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். "திட்டறவன் உயிரோட இருக்கான்ல" என்பார்.

தொட்டிக்கு அருகில் உன் ஆட்கள் பலகை நட்டிருக்கிறார்கள். 'தொழிலாளர்களின் பாடல் ஒலித்த இடம்' என்று போட்டிருக்கிறது. எந்த மகராசன் எழுதினான்? அங்கே வாயைத் திறந்தால் தூசிதான் போகும். தலைக்கு மேலே தாது கொட்டும்போது எவன் பாடினான்? உன் மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்கா


ஏப்ரல் 20

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவும் நீயும் நலம்தானே? இனிப்பான செய்தியோடு எழுதுகிறேன். கேட் வீடு பட்டியலில் ஏறிவிட்டது. கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்று தோன்றுகிறது. அந்த வீட்டில்தானே நீயும் மாமாவும் பெற்ற பிள்ளையாக வைத்து என்னைப் படிக்கவைத்தீர்கள். குளிர்காலத்தில் மாமா வேலைக் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டுப் போவார், நினைவிருக்கிறதா?

அந்தக் கோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் தொப்பிக்காரரிடம் கொடுத்தனுப்பு, பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். வாசல் கதவுக்கு முதலில் என்ன நிறம்? கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அப்போது எந்தெந்த இடத்தில் இருந்தன? படம் போட்டு அனுப்பினால் நல்லது.

ஓடு விஷயம் நினைவில் இருக்கிறது. அந்த அச்சில் ஓடு செய்த சூளை மூடிவிட்டதாம். வேறு இடத்தில் விசாரிக்கிறோம். அப்புறம் டெண்டர் விட வேண்டும். கொஞ்சம் பொறு.

உன் தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே மழை வந்துவிட்டது. உன்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

கோட்டையும் நீ கேட்ட படத்தையும் தொப்பிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கதவு பச்சை. கட்டில் எங்கே இருந்தது என்று கேட்டாய். இப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது, போன வாரம் வரைக்கும். இப்போது ஒழுகாத இடம் தேடித் தேடி அதை வீடெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஒழுகாத இடம் என்று ஒன்று கிடைத்தால் அடுத்த மழைக்கு அங்கேயும் ஒழுகுகிறது. இருக்கிற பாத்திரமெல்லாம் தரையில். சமைக்க வேண்டுமென்றால் ஒன்றைக் கவிழ்த்து எடுக்க வேண்டும். போர்வை காய்வதில்லை. உன் மாமா உட்கார்ந்தபடியே தூங்குகிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

ஓட்டு வேலைக்காரரைப் போய்க் கூப்பிட்டேன், நான் பேசிய பேச்சையெல்லாம் முழுங்கிக்கொண்டுதான். நல்ல மனுஷன், தகரம்தானே கூடாது என்று ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் உன் மாமா காலை நீட்டித் தூங்கினார். மறுநாளே தொப்பிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுகிறார். பட்டியலில் ஏறிய வீட்டின்மேல் எதுவும் போடக்கூடாதாம். சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சார் என்ன சொல்லப்போகிறாய்? ஓடு எப்போது வரும் என்று ஒரு தேதி சொல்லு, போதும்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். ஜூலை முதல் வாரத்தில் நிபுணர் குழு பாதையைப் பார்வையிட வருகிறது. அவர்கள் அறிக்கையை வைத்துத்தான் மீதி வேலைகளுக்கு ஒப்புதல் கிடைக்கும், ஓடும் அதில் அடக்கம். நீலத் தார்ப்பாய் போட்டோவில் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவிழ்த்துவிடு. அவர்கள் போனதும் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

மாமா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டை இறக்கிக் காட்டினால் குழுவுக்கு ரொம்பப் பிடிக்கும். மழைக்காலம் முடியும்வரை உங்களை இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். மாமியார் வந்து தங்கியிருப்பதால் இடம் நெருக்கடி.

உன் தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் சுகத்துக்கு என்ன. உன் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் இறங்கவில்லை.

நீ சொன்னபடி தார்ப்பாயை அவிழ்த்தேன். குழு வந்த அன்று பார்த்து நல்ல மழை. வந்தவர்கள் வீட்டுக்குள்ளே குடையை விரித்துக்கொண்டு நின்று ஓட்டைப் பாராட்டினார்கள். ஒன்றைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறீர்களே என்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குடையிலிருந்து வழிந்த தண்ணீரெல்லாம் கட்டிலில். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்புப் பக்கம் போய் டீ போட ஆரம்பித்தேன்.

அதற்குள் உன் மாமாவுக்குக் கோட்டை மாட்டி வெளியே கூட்டிப்போய்விட்டார்கள். அப்போது எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார்களாம். சும்மா இருப்பாரா? இரண்டு பக்கமும் பார்த்து, சக்கரம் சுற்றி, இறக்கி, கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். படம் எடுத்துக்கொண்டார்கள். மழை வலுத்ததும் எல்லோரும் வேனுக்குள் ஓடிவிட்டார்கள். வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீத் தட்டோடு வெளியே வந்தால் இவர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் கொட்டுகிற மழையில் நிற்கிறார். தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"வண்டி போயாச்சுன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நின்றாரா, எனக்கு இன்னமும் தெரியவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான், உனக்கே தெரியும். உடம்பு அப்போதே நடுங்கியது. மறுபடி கட்டலாம் என்று பார்த்தால் தார்ப்பாயைக் காணோம், உன் ஆட்கள் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்று. என் கையைக் குலுக்கினாளே, அந்த அம்மாள் கிளம்பும்போது என்னிடம் கேட்டாள், "நீங்க எப்ப காலி பண்றீங்க?" என்று. எதைக் காலி பண்ண? தொப்பிக்காரரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். நீ சொல்லு தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லு.

அக்கா


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கை கால் நன்றாக இருக்கிறதல்லவா, எழுத முடியும் என்ற அளவுக்கு?

போன கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. உன் மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, உலர்ந்த அறையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உலர்ந்த அறைக்கு எங்கே போவேன்? தபால்காரர் தன் மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டிப் பிடித்துவைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் கேட்டதை உனக்கு மறுபடி எழுதப்போகிறேன் என்று உன் மாமாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். மூச்சை இழுத்து இழுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன்கிட்ட கேக்காதே. அவனால சொல்ல முடியலை. நாம வளர்த்த புள்ள, அவனைத் தலை குனிய வைக்காதே."

எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கேட்கிறேன். நாங்கள் எங்கே போக வேண்டும்?

அக்கா


ஆகஸ்ட் 30

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். மாமா இப்போது தேறியிருப்பார் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நல்ல செய்தியாக நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் யாரும் குடியிருக்க முடியாது, அது பொது விதி, நான் போட்டதல்ல. அதனால் டவுனில் உங்களுக்கு ஒரு பிளாட் ஏற்பாடு செய்திருக்கிறேன். மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. கூரை ஒழுகுகிற பேச்சே கிடையாது. யோசித்துப் பார் அக்கா, அந்தப் பள்ளத்தில் இருந்துகொண்டு இந்த வயதில் என்ன செய்யப்போகிறீர்கள்? பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தால் வீட்டை இடித்துவிட்டு உங்களை வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்கள். என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன்.

தொப்பிக்காரர் ஒரு சம்மதக் கடிதம் கொண்டுவருவார். இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மாமாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன் தம்பி


செப்டம்பர் 12

தம்பிக்கு,

பக்குவமாக எடுத்துச் சொல்ல உன் மாமா இல்லை. உன் கடிதம் வருவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே போய்விட்டார். விடிந்த பிறகு, நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள். போர்வை நனைந்திருந்தது.

மேட்டுக்கு ஏறி உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள். மீட்டிங்கில் இருக்கிறார், ஏதாவது சொல்லணுமா என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், அழுதிருப்பாய். உன் தோளைத் தட்டி நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. தபால்காரரும் ஓட்டு வேலைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். தொப்பிக்காரர் வந்தார், சாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றினார்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்கு ஆபத்து இல்லை, வாய்க்கு வாய் அதைத்தான் எழுதியிருக்கிறாய். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஓரிடத்திலும் இல்லை. நான்தான் வீடென்றால் நாங்களும் சேர்த்தி என்று படித்திருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை தம்பி. பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய். பொய் சொல்லியிருந்தாலாவது ஏமாற்றிவிட்டான் என்று ஆத்திரம் தீரத் திட்டியிருப்பேன்.

சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்துத்தான் இருக்கும். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். மாமா என்னைப் பெறாத அப்பா. கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்க விடாமல் செய்துவிட்டாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. மழையும் நோயும் யார் கையில் இருக்கிறது? நான் மனசறிந்து ஒரு கெடுதலும் செய்யவில்லை.

டிசம்பரில் பாதையைத் திறக்கிறார்கள். கேட்டைத் தூக்கித் திறந்துவைக்க உன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். கார் அனுப்புகிறேன். பலகையில் மாமாவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கூரைக்கும் ஒருவழியாக ஒப்புதல் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்குள் முடிந்துவிடும். மாமா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பிளாட் வசதியாக இருக்கிறதா? லிப்ட் ஓடுகிறதா?

உன் தம்பி


டிசம்பர் 19

தம்பிக்கு,

லிப்ட் ஓடுகிறது. கார் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கேட்டைத் தூக்க நான் யார்? விழாக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் பஸ் ஏறி நானாகவே போனேன். டிக்கெட் வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

சுரங்க வாயிலிலிருந்து மெதுவாக நடந்தேன். பாதை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக வருகிறார்கள். தொட்டியைப் பார்த்து 'பாட்டுப் பாடியிருக்காங்க' என்று படிக்கிறார்கள், டேங்குக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குகைக்குள் ஒருவரையொருவர் கூப்பிட்டு எதிரொலி கேட்கிறார்கள். அந்தக் குகையை வெட்டும்போது நசுங்கிச் செத்தவர்களுக்குப் பலகை இல்லை. உன் மாமாவுக்கு இருக்கிறது. 'இங்கு பணிபுரிந்த கேட் கீப்பர் தன் குடும்பத்துடன் நிறைவான எளிய வாழ்க்கை வாழ்ந்தார்' என்று. அது நீ எழுதிய வரி, எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே நீ கட்டுரை நன்றாக எழுதுவாய்.

வீட்டுக்குள் போனேன். கதவுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். கட்டில் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நான் போட்டுக் கொடுத்த படத்தின்படி. ஆணியில் கோட்டு. கால் வலித்ததால் கட்டில் ஓரத்தில் உட்காரப் போனேன். காவலாளி ஓடி வந்து, "அம்மா, இது பார்க்கறதுக்கு மட்டும்தான்" என்றார். சரியென்று எழுந்து நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. ஜூலையில் பெய்ததே, அந்த மாதிரி. வெளியில் நடந்துகொண்டிருந்தவர்களெல்லாம் ஓடிவந்து உள்ளே ஒதுங்கினார்கள். யாருடைய தலையிலும் ஒரு சொட்டு விழவில்லை. நான் கட்டிலுக்கு நேர்மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கூரையை நன்றாகச் செய்திருக்கிறார்களே, பெரிய வேலையா என்று காவலாளியிடம் கேட்டேன். டெண்டர், சூளை, ஒப்புதல் என்று நீ எழுதியதெல்லாம் மனசில் இருந்தது. அவர் பாவம், நான் யார் என்று தெரியாமல் உள்ளதைச் சொன்னார்.

"என்ன பெரிய வேலைம்மா. ரெண்டு பேர் காலையில ஏறினாங்க, சாயங்காலம் இறங்கிட்டாங்க. ஓடுகூட வாங்கலை. பாலத்துக்கிட்ட இடிச்சுப்போட்ட வீடுங்க இருக்குல்ல, அதோட ஓடெல்லாம் வேலிக்குள்ளயே குவிஞ்சு கிடந்துச்சு, இதே அச்சுத்தான். அதுலேர்ந்துதான் பொறுக்கிட்டு வந்தாங்க."

ஒரு பகல் வேலை, தம்பி. நீ கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஓடு நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறது. உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள நீ ஒரு தடவை இங்கே வந்திருக்க வேண்டும்.

பதில் போட வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். நீ சுகமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கேட் கீப்பர் மனைவி